நோடு வோல்டேஜ் கணக்கு எங்கே தவறுகிறது? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

நோடு வோல்டேஜ் முறையில் (சர்க்யூட்டில் கம்பிகள் சேரும் ஒவ்வொரு புள்ளியின், அதாவது நோடின், வோல்டேஜைக் கண்டுபிடிக்கும் முறை) ஒரு கணக்கு சரியாக வரவில்லை என்றால், பிள்ளைகள் உடனே தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி போடுகிறார்கள். அது வேண்டாம். தவறாக வந்த விடையை நன்றாகப் பாருங்கள். குறி மாறியிருந்தால் எண்கள் ஒரு மாதிரி வரும், கிலோ ஓம் குழம்பியிருந்தால் வேறு மாதிரி வரும், கிரவுண்டை (பூஜ்ய வோல்ட் என்று வைத்துக்கொள்ளும் நோடை) மறந்திருந்தால் விடையே வராது. எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று அந்தத் தப்பு விடையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து, கல்லூரியில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள் மாலையில் என்னிடம் கணக்குக் கேட்க வருகிறார்கள். வகுப்பில் எழுந்து கேட்கத் தயங்குகிற கேள்வி, வீட்டு மொழியில் தயக்கமில்லாமல் வருகிறது. “அக்கா, வோல்டேஜ் மைனஸ்ல வருது, வரலாமா?” என்பது போன்ற கேள்விகள்தான் கீழே இருக்கும் தலைப்புகள் எல்லாம்.

ஒரே சர்க்யூட்டை வைத்து எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

10 வோல்ட் பேட்டரி. அதன் மைனஸ் முனை கிரவுண்டில். பிளஸ் முனையிலிருந்து 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக நோடு ‘க’. க-விலிருந்து கிரவுண்டுக்கு 4 கிலோ ஓம். க-வுக்கும் நோடு ‘ப’-வுக்கும் நடுவே 4 கிலோ ஓம். ப-விலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 4 கிலோ ஓம். கடைசியாக, கிரவுண்டிலிருந்து ப-வுக்குள் 4 மில்லி ஆம்பியர் தள்ளும் ஒரு கரண்ட் சோர்ஸ்.

நோடை விட்டு வெளியே போகும் கரண்ட் எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம். கிர்க்காஃப் 1845-இல் சொன்ன கரண்ட் விதி (கே.சி.எல்.), இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. க, ப என்ற எழுத்துகளே அந்த நோடுகளின் வோல்டேஜையும் குறிக்கட்டும். கிலோ ஓமும் மில்லி ஆம்பியரும் வைத்து எழுதினால்:

(க − 10)/2 + க/4 + (க − ப)/4 = 0
(ப − க)/4 + ப/4 − 4 = 0

இரண்டையும் 4-ஆல் பெருக்கினால்:

4க − ப = 20
−க + 2ப = 16

க = 8 வோல்ட், ப = 12 வோல்ட். இதுதான் சரியான விடை. இனி இது எப்படியெல்லாம் கெடும் என்று பார்ப்போம்.

“கால்குலேட்டர் மேத் எரர் காட்டுது” அல்லது “கடைசியில் 0 = 0 என்று வருது”

நீங்கள் கிரவுண்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, அல்லது தேர்ந்தெடுத்த பிறகும் அதற்கு ஒரு சமன்பாடு எழுதியிருக்கிறீர்கள். கிரவுண்டுக்கு எழுதும் கே.சி.எல்., மற்ற நோடுகளின் சமன்பாடுகளைக் கூட்டிக் குறி மாற்றினால் வருவதுதான். புதிதாக அது எதுவும் சொல்லாது. எல்லா நோடுகளின் வோல்டேஜையும் ஒரே அளவு ஏற்றினாலும் இறக்கினாலும் ரெசிஸ்டர் வழியாகப் போகும் கரண்ட் மாறாது. அதனால் ஒரு நோடைப் பூஜ்யம் என்று கட்டிப்போட்டால்தான் மற்றவற்றுக்கு ஒரே விடை கிடைக்கும்.

கிரவுண்டு எங்கே வைப்பது என்று சிலர் நிறைய நேரம் யோசிக்கிறார்கள். எங்கே வைத்தாலும் விடை கெடாது. ஆனால் அதிகக் கம்பிகள் சேரும் இடத்தில், அல்லது வோல்டேஜ் சோர்ஸ்களின் ஒரு முனையில் வைத்தால் எழுத வேண்டியது குறையும். நம் சர்க்யூட்டில் பேட்டரியின் மைனஸ் கிரவுண்டில் இருப்பதால் அதன் மறுமுனை 10 என்று தெரிந்துவிட்டது. அந்த முனைக்குத் தனிச் சமன்பாடே வேண்டாம்.

“விடை வருது, ஆனா வோல்டேஜ் நம்ப முடியாத அளவு பெரிசா இருக்கு”

இதுதான் அடிக்கடி வரும் புகார். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எவ்வளவு பெரிது என்பதை முதலில் பாருங்கள். க = 2291 வோல்ட் என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், யூனிட் குழப்பம். ரெசிஸ்டர்களை 2000, 4000 என்று ஓமில் எழுதிவிட்டு கரண்ட்டை 4 என்றே விட்டிருக்கிறீர்கள். ஆயிரம் மடங்கு எங்கோ ஒளிந்திருக்கிறது. கிலோ ஓமோடு மில்லி ஆம்பியர், ஓமோடு ஆம்பியர் என்று ஜோடி சேர்த்து வைத்தால் இந்தப் பிழை வராது.

இதையே திருப்பிச் செய்தால் ஆபத்து அதிகம். ரெசிஸ்டரைக் கிலோ ஓமில் எழுதி, கரண்ட்டை 0.004 என்று போட்டால் க = 5.72, ப = 2.87 என்று வரும். பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கும் விடை. யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கரண்ட் சோர்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதே சர்க்யூட்டைக் கணக்கிட்டாலும் 5.71, 2.86 தான். அதாவது உங்கள் கரண்ட் சோர்ஸ் கணக்கில் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. ஒரு சோர்ஸின் மதிப்பை மாற்றிப் போட்டும் விடை அசையவில்லை என்றால் அந்தச் சோர்ஸின் யூனிட்டைப் பாருங்கள்.

விடை க = 16, ப = 44 என்று வந்தால்? இது யூனிட் இல்லை, குறி. இரண்டாவது சமன்பாட்டில் (ப − க)/4 என்று எழுத வேண்டிய இடத்தில், முதல் சமன்பாட்டைப் பார்த்து (க − ப)/4 என்றே மறுபடி எழுதியிருப்பீர்கள். அப்போது −ப/4, +ப/4 இரண்டும் அடிபட்டுப் போய் க/4 = 4 என்று நிற்கும். ப-வுக்கு எழுதிய சமன்பாட்டில் ப-வே இல்லை. அதுதான் துப்பு.

ஒரு நோடுக்குச் சமன்பாடு எழுதும்போது நீங்கள் அந்த நோடின் மேல் நின்றுகொண்டு வெளியே பார்க்கிறீர்கள். ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் ‘என் வோல்டேஜ் கழித்தல் எதிர்முனை வோல்டேஜ்’ என்றுதான் எழுத வேண்டும். நோடு மாறினால் ‘நான்’ மாறிவிடும். கரண்ட் உண்மையில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முன்கூட்டி ஊகிக்கவே வேண்டாம். விடையின் குறி அதைச் சொல்லிவிடும். கரண்ட் ஓடும் திசையை ஊகித்து அம்பு போட்டுவிட்டு, பாதியில் அந்த அம்பை மறந்துவிடுவதால்தான் நான் பார்க்கும் குறிப் பிழைகளில் பெரும்பகுதி வருகிறது.

சுருக்கிய சமன்பாடுகளில் இதைச் சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. க-வின் சமன்பாட்டில் க-வின் கெழு (அதன் முன்னால் நிற்கும் எண்) பிளஸ், ப-வின் சமன்பாட்டில் ப-வின் கெழு பிளஸ், மற்றவை எல்லாம் மைனஸ். அதோடு, முதல் சமன்பாட்டில் ப-வுக்கு என்ன எண்ணோ அதே எண்தான் இரண்டாவதில் க-வுக்கும் இருக்க வேண்டும். நம்முடையதில் இரண்டும் −1. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே 4 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே ரெசிஸ்டர்தானே. இந்தச் சோதனைக்கு எல்லாச் சமன்பாடுகளையும் ஒரே எண்ணால் பெருக்கியிருக்க வேண்டும். ஒன்றை 4-ஆலும் மற்றதை 12-ஆலும் பெருக்கிவிட்டு ஒப்பிட்டால் பொருந்தாது.

“பேட்டரியே 10 வோல்ட், நோடு எப்படி 12 வோல்ட் ஆகும்? தப்பா போட்டுட்டேனா?”

இல்லை, சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். வெறும் ரெசிஸ்டர்களும் ஒரே ஒரு வோல்டேஜ் சோர்ஸும் இருக்கும் சர்க்யூட்டில் எந்த நோடும் அந்த சோர்ஸின் இரண்டு முனைகளுக்கு வெளியே போகாது. அங்கே 12 வந்தால் நிச்சயம் பிழை. ஆனால் கரண்ட் சோர்ஸ் இருந்தால் அந்த வேலி இல்லை. 4 மில்லி ஆம்பியரைத் தள்ளியே ஆக வேண்டும் என்று நிற்கும் சோர்ஸ், அதற்கு எவ்வளவு வோல்டேஜ் வேண்டுமோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளும்.

மைனஸ் விடைக்கும் இதே பதில்தான். கிரவுண்டை விடக் கீழே இருக்கிறது என்று மட்டுமே அதற்கு அர்த்தம். ஆனால் நம் சர்க்யூட்டில் க = 3.43, ப = −6.29 என்று வந்தால், கரண்ட் சோர்ஸை நோடுக்குள் வருவதற்குப் பதில் வெளியே போவதாக எழுதியிருக்கிறீர்கள். படத்தில் அம்பு ப-வை நோக்கி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

“விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன், சரியா வருது. ஆனா புத்தகத்து விடை வேற”

சமன்பாடே தவறாக இருந்தால் அதன் விடை அதில் கச்சிதமாகப் பொருந்தும்! −6.29 கூட அந்தத் தப்பான சமன்பாட்டில் பொருந்தத்தான் செய்யும். சரிபார்ப்பதைச் சமன்பாட்டில் செய்யாதீர்கள், படத்தில் செய்யுங்கள். விடைகளைப் படத்தின் மேலேயே பென்சிலால் எழுதி, ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் ஓடும் கரண்ட்டைக் குறியுங்கள்.

8 வோல்ட், 12 வோல்ட் என்று எழுதினால்: பேட்டரிப் பக்கமிருந்து க-வுக்கு (10 − 8)/2 = 1 மில்லி ஆம்பியர். ப உயரத்தில் இருப்பதால் அங்கிருந்து க-வுக்கு (12 − 8)/4 = 1 மில்லி ஆம்பியர். க-விலிருந்து கீழே 8/4 = 2. உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. ப-வில் உள்ளே 4; கீழே 12/4 = 3, க-வுக்கு 1. முடிந்தது. இதற்கு அதிக நேரம் பிடிக்காது. தேர்வில் கடைசி ஐந்து நிமிடம் கிடைத்தால் வேறு எதற்கும் செலவழிக்காமல் இதற்குக் கொடுங்கள்.

“ரெண்டு நோடுக்கு நடுவுல பேட்டரி இருக்கு. அதுல கரண்ட் எவ்வளவுன்னு எப்படி எழுதுறது?”

எழுத முடியாது. வோல்டேஜ் சோர்ஸுக்கு ஓம் விதி இல்லை; அதில் ஓடும் கரண்ட்டைச் சுற்றியுள்ள சர்க்யூட்தான் முடிவு செய்யும். அதனால்தான் சூப்பர்நோடு. சோர்ஸையும் அதன் இரு முனைகளையும் சேர்த்து ஒரு வளையம் போட்டு, அந்த வளையத்தை விட்டு வெளியே போகும் கரண்ட்டை மட்டும் கூட்டுங்கள்.

நம் சர்க்யூட்டில் க-வுக்கும் ப-வுக்கும் நடுவே இருக்கும் 4 கிலோ ஓமை எடுத்துவிட்டு, ப பக்கம் பிளஸ் இருக்கும்படி 4 வோல்ட் பேட்டரியை வையுங்கள்.

(க − 10)/2 + க/4 + ப/4 − 4 = 0
ப − க = 4

3க + ப = 36 ஆகி, க = 8, ப = 12 என்றே வருகிறது. அந்த ரெசிஸ்டரின் மேல் முன்பு இருந்ததும் இதே 4 வோல்ட்தான் என்பதால் விடை மாறவில்லை.

இங்கே தவறு இரண்டு விதமாக வரும். சமன்பாடு ஒன்று குறைந்தால், ப − க = 4 என்ற வரியை மறந்துவிட்டீர்கள். சமன்பாடு ஒன்று கூடினால், வளையம் போட்ட பிறகும் க-வுக்குத் தனியாக, ப-வுக்குத் தனியாக கே.சி.எல். எழுதியிருக்கிறீர்கள், அவற்றில் பேட்டரியின் கரண்ட் விட்டுப்போயிருக்கும். விடை கொஞ்சம் தள்ளி வந்தால் பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பிளஸ் இருக்கும் நோடிலிருந்து மைனஸ் இருக்கும் நோடைக் கழிக்க வேண்டும்.

“கரண்ட் சோர்ஸோட தொடர்ல ஒரு ரெசிஸ்டர் குடுத்திருக்காங்க, அதைச் சேர்த்தா விடை மாறுது”

சேர்க்காதீர்கள். 4 மில்லி ஆம்பியர் சோர்ஸோடு தொடரில் 1 கிலோ ஓம் வைத்தாலும் ப-வுக்குள் வருவது அதே 4 மில்லி ஆம்பியர்தான். அந்த ரெசிஸ்டரின் மேல் 4 வோல்ட் விழும், சோர்ஸ் 12-க்குப் பதில் 16 வோல்ட் தாங்கும், அவ்வளவே. பேட்டரிக்கு நேர் பக்கவாட்டில், அதாவது பேரலலில், இருக்கும் ரெசிஸ்டரும் இப்படித்தான்: நோடு வோல்டேஜை அது அசைக்காது. கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்த இரண்டும் மிகவும் பிடித்த பொறிகள்.

“டிபென்டன்ட் சோர்ஸ் வந்தா ஒரு அன்நோன் கூடுதலா நிக்குது”

டிபென்டன்ட் சோர்ஸ் என்றால் சர்க்யூட்டின் வேறொரு இடத்து கரண்ட்டையோ வோல்டேஜையோ பொறுத்து மதிப்பு மாறும் சோர்ஸ். அந்தக் கூடுதல் எழுத்தை நோடு வோல்டேஜாக மாற்றவில்லை என்று அர்த்தம். 4 மில்லி ஆம்பியர் சோர்ஸுக்குப் பதிலாக, ‘க-விலிருந்து கிரவுண்டுக்குப் போகும் கரண்ட்டின் இரு மடங்கு’ தள்ளும் சோர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரண்ட் க/4. இரு மடங்கு க/2. இதைப் போட்ட பிறகுதான் அடுத்த வரிக்கே போக வேண்டும்:

−க + 2ப = 4 × க/2, அதாவது −3க + 2ப = 0

முதல் சமன்பாட்டோடு சேர்த்தால் மறுபடி 8, 12. இப்போது கெழுக்களைப் பாருங்கள்: ஒரு பக்கம் −1, மறுபக்கம் −3. டிபென்டன்ட் சோர்ஸ் இருந்தால் முன்னே சொன்ன ‘இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்’ சோதனை செல்லாது. அது பொருந்தவில்லை என்று பயந்து சரியான கணக்கை அடித்துவிடாதீர்கள்.

“ஏ.சி. கணக்குல மட்டும் தப்பாகுது”

முறை அதேதான், எண்கள்தான் கலப்பெண்கள். கபாசிட்டருக்கு மைனஸ் ஜே, இண்டக்டருக்கு பிளஸ் ஜே (ஜே என்பது √−1). 50 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோ ஃபாரட் சுமார் 3.18 கிலோ ஓம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், ஆயிரம் மடங்கு தவறும்போது உடனே கண்ணில் படும். கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா, ஒரு சோர்ஸ் சைனிலும் இன்னொன்று கொசைனிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் பிழை ஏ.சி.யில் இல்லை, மேலே சொன்ன குறிகளில்.

“சிமுலேட்டர் சிங்குலர் மேட்ரிக்ஸ் என்று சொல்லி நிற்குது”

ஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டர் 1973-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அன்றிலிருந்து அதன் அடித்தளம் நோடு முறைதான். எனவே நீங்கள் தாளில் செய்யும் அதே பிழைதான் அங்கே வேறு பெயரில் வருகிறது. நோடு 0 எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது இல்லையென்றால் கிரவுண்டு இல்லை. அடுத்து, எந்த நோடாவது கபாசிட்டர்கள் வழியாக மட்டும் கட்டப்பட்டு அந்தரத்தில் நிற்கிறதா? அப்படியிருந்தால் டி.சி.யில் அதற்குக் கிரவுண்டுக்கு வழியே கிடையாது. அங்கிருந்து கிரவுண்டுக்கு 1 கிகா ஓம் போட்டால் சர்க்யூட்டின் நடத்தை கெடாது, கணக்கும் ஓடும். இரண்டு வோல்டேஜ் சோர்ஸ்களைப் பேரலலில் போட்டிருந்தாலும் இதே எரர் வரும்.

எரர் வராமல் விடை மட்டும் அபத்தமாக வந்தால், மதிப்புக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஸ்பைஸில் பெரிய எம் போட்டாலும் சிறிய எம் போட்டாலும் அது மில்லிதான். 1 மெகா ஓம் வேண்டும் என்றால் எம்-ஈ-ஜி என்று மூன்று எழுத்தும் அடிக்க வேண்டும்.

“கணக்கும் சரி, சிமுலேட்டரும் சரி. லேப்ல மட்டும் மீட்டர் வேற காட்டுது”

பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் போய் 4 கிலோ ஓம் கேட்டால், கடைக்காரர் 3.9 கிலோ ஓமை எடுத்துத் தருவார். வழக்கமான வரிசையில் 4 கிடையாது. ஆரஞ்சு, வெள்ளை, சிவப்பு பட்டைகள் இருந்தால் அது 3.9 தான். அந்த மதிப்பை வைத்து மறுபடி போட்டால் க = 7.91, ப = 11.76. கடைசிப் பட்டை தங்க நிறம் என்றால் இன்னும் 5 சதவீதம் இரு பக்கமும் போகலாம். ரெக்கார்டு நோட்டில் 8.00 என்று எழுதுவதற்காக அளவைத் திருத்தாதீர்கள். 7.91-க்குப் பக்கத்தில் எது வந்ததோ அதை எழுதி, ரெசிஸ்டரை அளந்த மதிப்பையும் பக்கத்தில் போடுங்கள். அதைத்தான் நல்ல ஆசிரியர் எதிர்பார்ப்பார்.

ரெசிஸ்டர்கள் மெகா ஓம் அளவில் இருந்தால் மீட்டரே சர்க்யூட்டில் ஒரு கிளையாகிவிடும். 10 வோல்ட்டை இரண்டு 1 மெகா ஓம்கள் பிரித்தால் நடுவில் 5 வோல்ட் வர வேண்டும். ஆனால் டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அதையும் சேர்த்து நோடு சமன்பாடு எழுதினால் 4.76 தான் வரும். மீட்டரும் அதையேதான் காட்டும்.

அளவு கொஞ்சம் தள்ளிப் போகாமல், ஒரு நோடு பூஜ்யத்திலோ அர்த்தமில்லாமல் ஆடிக்கொண்டோ நின்றால் பிரெட்போர்டைப் பாருங்கள். நீளமான போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் ஓடும் சப்ளை வரிசை நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். சிவப்பு, நீலக் கோடு அங்கே விட்டுத் தொடங்கும். இடது பாதியில் கிரவுண்டு, வலது பாதியில் ஒன்றுமில்லை. தாளில் ஒரே நோடு என்று நீங்கள் எழுதியது மேசையில் இரண்டு நோடாக இருக்கும். சப்ளையை அணைத்துவிட்டு, மீட்டரைக் கன்டின்யூட்டியில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸில் ஊன்றி, கிரவுண்டுக்கு வர வேண்டிய ஒவ்வொரு காலையும் சிவப்பு முனையால் தொட்டு வாருங்கள். எந்தக் காலில் பீப் சத்தம் வரவில்லையோ, அங்கே ஒரு ஜம்பர் வயர் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.